அரை மில்லிமீட்டர்

நலைக்கிலிருந்து உலான்பாத்தருக்கு
நிலக்கரி ஏற்றிப் போகிறவன் நான்.
திங்கள்கிழமைகளில் மட்டும்
பக்கத்து இருக்கையில் கூடைக்குள் மகள்.

பெயர் எனேபிஷ்.
எங்கள் மொழியில் ‘இது அல்ல’ என்று பொருள்.
பிள்ளை தேடி வரும் கெட்டது எதுவும்
வாசலில் நின்று பெயரைக் கேட்டால்
ஆள் மாறிவிட்டது போல என்று
திரும்பிப் போய்விடுமாம்.

பிறந்த அன்றே வைத்தோம்.
உதடு மூக்குவரை பிளந்திருந்தது, அண்ணமும்.
இடப்பக்க மூக்கு
காற்றில் கால் ஒடிந்த கூடாரமாய்
கன்னத்தோடு படுத்துக் கிடந்தது.

இரவில் பிள்ளையை வெளியே தூக்கினால்
நெற்றியில் அடுப்புக்கரி தீட்டுவோம்.
பேய் பார்த்துவிட்டு
குழந்தை இல்லை, முயல் என்று நினைத்துக்கொள்ளும்.
ஓயுன்சுரேன் தீட்டவில்லை.
“முயல் என்று சொல்ல
பக்கத்து வீட்டுக்காரி போதும்” என்றாள்.

எல்லோரும் உதட்டையே பார்த்தார்கள்.
மருத்துவர் தெல்கெர்மா மூக்கைப் பார்த்தார்.
“உதட்டைத் தைத்துவிடலாம்.
மூக்குதான் பிடிவாதம் பிடிக்கும்.
இப்போது அதன் குருத்தெலும்பு பிசைந்த மாவு.
தாயிடமிருந்து வந்த இளக்கம் இன்னும் இருக்கிறது.
சில வாரம் போனால் யார் பேச்சும் கேட்காது.”

அண்ணத்துக்கு ரோஜா நிறத்தில் ஒரு தகடு.
வாரம் ஒருமுறை சுரண்டி, பூசி,
பிளவு நெருங்கி வந்தபின்
தகட்டிலிருந்து மேலே வளைந்தது ஒரு கம்பி.
நுனியில் பயறளவு மொட்டு.
அது மூக்குக்குள் போய்
சாய்ந்த கூரைக்கு முட்டுக்கொடுக்கும்.

ஓயுன்சுரேனுக்குக் கம்பளி ஆலையில்
திங்கள் விடுப்பு கிடையாது.
ஆகவே பிளாஸ்திரி உரிக்கக் கற்றேன்.
வெந்நீரில் பஞ்சு, கன்னம் இழுபடாமல், மெல்ல.
பிரஷ் போட்டுத் தேய்த்தும் நகத்தடியில் கரி.
“இந்த விரலோடா?” என்றார் மருத்துவர்.
இந்த விரலோடுதான்.

ஜனவரியில் பனிப்புயல். சாலை அடைப்பு.
ஒரு திங்கள் போனது. அடுத்ததும்.
மூக்கு அசையவில்லை,
அல்லது அசையவில்லை என்று எனக்குத் தோன்றியது.
பதினைந்து வருடமாய் என் வண்டியின்
எந்தக் கம்பியை நான் வளைக்கவில்லை?
குறடை எடுத்தேன்.
வெந்நீரில் கழுவினேன், மறுபடி கழுவினேன்.
ஒரே ஒரு நெரி.

மாட்டினேன்.
மூக்கின் விளிம்பு வெளுத்தது.
வெளுத்தே நின்றது.
அவள் அழவில்லை, என்னைப் பார்த்தாள்.
கழற்றி எறிந்துவிட்டு
விடியும்வரை அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.
எறிந்ததை ஓயுன்சுரேன் தேடி எடுத்து
துணியில் முடிந்து வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

தெல்கெர்மா கம்பியை விளக்கில் பிடித்தார்.
“யார் தொட்டது?”
நான் கூரையில் ஈரக்கறையைப் பார்த்தேன்.
“லேசாக வெளுத்து உடனே சிவக்க வேண்டும்.
வெளுத்தே நின்றால் புண்ணாகும்,
துளை அகண்டுபோகும், அப்புறம் திருத்த முடியாது.”
தன் சின்னக் குறடால் நிமிர்த்தினார்.
“அரை மில்லிமீட்டர் அதிகம்.
கண் சரி. குறடுதான் லாரியுடையது.”

ஏப்ரலில் தைத்தார்கள்.
துளைகளுக்குள் இப்போது மென்மையான குழாய்கள்,
தும்மலில் பறந்து
கட்டிலடியில் உருளும். தேடுவேன்.
முழுசாய் நேராகிவிடுமா என்று கேட்டேன்.
“ஆகாது. வளர வளர கொஞ்சம் சாயும்.
பதினாறு பதினேழில் விலாவிலிருந்து
ஒரு துண்டு எடுத்துச் சரிசெய்வோம்.
அப்போது அவளிடம் கேளுங்கள், உங்களிடமல்ல.”

நவம்பரில் ஓர் இரவு, வண்டிக்குப் போகும்முன்
ஓயுன்சுரேன் அடுப்பில் விரல் வைத்து
நெற்றியில் ஒரு தீற்று இழுத்தாள்.
அதே இடத்தில் முகர்ந்தாள்.
இப்போது அவள் மூக்கிலும் கரி.

வெளியே முப்பதுக்குக் கீழே.
என் மடியில் சாய்ந்து
பக்கக் கண்ணாடியில் முகம் ஒட்டித் தூங்கினாள்.
கண்ணாடியில் இரண்டு மூச்சுப் புகை,
ஒன்று சற்றுச் சிறியது.
ஓரத்திலிருந்து உறையத் தொடங்கின.

பின்னால் எவனோ ஹாரன் அடித்தான்.
துடைக்காமல் கிளம்ப முடியாது என்று தெரியும்.
இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்.