ஐம்பது மில்லிகிராம்

முதல் வாரம் குமட்டல்.
வெறும் வயிற்றில் வேண்டாம் என்றார் டாக்டர் ஹெட்விகா.
ஆறு வாரம் பொறுங்கள் என்றார்,
வண்டி தாமதம் என்று அறிவிக்கும் குரலில்,
பத்தொன்பது வருடம்
ஒஸ்ட்ராவா தடத்தில் வண்டி ஓட்டியவனிடம்.

மஞ்சள் கோட்டு.
நிமிர்ந்து பார்த்தாள், என்னைத்தான்.
பிரேக்கை இழுத்த பிறகும்
அறுநூறு மீட்டர் ஓடித்தான் நின்றது வண்டி.
அந்த அறுநூறு மீட்டரை
ராத்திரி ராத்திரியாய் நடந்தே கடக்கிறேன்.

டிப்போவில் ராடிமுக்கு இதுபோல் இரண்டு.
ஒரு கிழவர், ஒரு பள்ளிப் பையன்.
அவன் மருந்து பாட்டிலில் வருகிறது,
உடனே கேட்கும் என்கிறான்.

மூன்றாம் வாரம் ஓயாத கொட்டாவி.
ஸ்டிஸ்லாவா தோளில் கை வைக்கிறாள்;
உடம்பு பணிமனையில் கழற்றிவிட்ட பெட்டியாய்க் கிடக்கிறது.
மன்னிப்புக் கேட்டால்
போர்வையை இழுத்துவிட்டு
"தூங்கு" என்கிறாள்.

மைத்துனன் சாவுக்குக் கண்ணீர் வரவில்லை.
மறுநாள் வெங்காயம் நறுக்கும்போது வந்தது.
சூப்புக்கு இரண்டு போதும்.
ஏழு நறுக்கினேன்.

இன்று கெட்டில் விசிலடித்தது.
எழுந்தேன், அடுப்பை அணைத்தேன்,
தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.
பாதி குடித்த பிறகுதான் உறைத்தது:
மேஜைக்கடியில் நான் இல்லை.
ஸ்டிஸ்லாவா
பாதி தோலுரித்த உருளைக்கிழங்கும் கையுமாய்
அப்படியே நின்றிருந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
தன் கோப்பையில் சர்க்கரை போட்டாள்,
இரண்டாம் முறையாக.

கோட்டு இன்னும் மஞ்சள்தான்.
முகமும் அதேதான்.
நடைமேடை ஓரக் கோட்டைத் தாண்டாமல்
நிற்கிறாள்,
சில இரவுகளில் மட்டும்.