ஐம்பத்தெட்டு பவுண்ட்

டூசானில், ஆகஸ்ட் மாதத்தில்,
எண்பத்தேழாம் வருடத்துப் போர்ஷேயிலிருந்து
ஏசியைக் கழற்றப் போகிறேன் என்றதும்
பக்கத்து வீட்டு ஃபௌஸ்டீனோ
குழாயை மூட மறந்து நின்றார்.
அவர் வீட்டுக் கள்ளிச் செடிக்கு
ஒரு வருடத் தண்ணீர் அன்றே கிடைத்தது.
"இந்த ஊரில் நாய்கூட ஏசியில்தான் தூங்குகிறது, ஒடெட்."

சட்டப்படி முதலில் வாயுவை இறக்க வேண்டும்.
பட்டறைப் பையன் குழாயை மாட்டி
மானியைத் தட்டினான், மறுபடி தட்டினான்.
முள் பூஜ்யத்தில் படுத்தே கிடந்தது.
"உள்ளே ஒன்றுமே இல்லை. காசு வேண்டாம்."

ஆக, குளிர் எப்போதோ
இறங்கிப் போய்விட்டது.
எந்த வருடம், எந்த சிக்னலில், தெரியாது.
அதன் மூட்டை முடிச்சுகளை மட்டும்
இத்தனை நாளும் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்,
மேடு வந்தால் கியரைக் குறைத்து,
காரைக் குறை சொல்லி.

விடியற்காலை நான்கு மணிக்கு ஆரம்பித்தேன்;
ஒன்பதுக்கு மேல் ஸ்பானர் கையைச் சுடும்.
பெல்ட் முதலில்.
பாம்புச் சட்டைபோல உரிந்து வந்தது.
கம்ப்ரெசர் வரவில்லை.
நான்கு போல்ட்டில் மூன்று சொன்ன பேச்சைக் கேட்டன.
நான்காவது
ஜெர்மனியில் யாரோ முறுக்கிவிட்டுப் போன அன்றிலிருந்து
ஒரே பிடிவாதம்.
எண்ணெய் விட்டேன். காபி போட்டுக் குடித்தேன்.
சுத்தியலைக் காட்டி மிரட்டினேன்.
அம்மாவின் லூசியானா பிரெஞ்சில் திட்டியதும்
கிரீச்சென்று ஒரு கால் சுற்று.

ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர்.
தகடுகளுக்கு இடையே தும்பிச் சிறகுகள்,
புறாவின் மார்பு இறகு ஒன்று,
எனக்கு முன்னால் இதை ஓட்டியவர்
யூமா வரை போய் வந்த ராத்திரிகளின்
அத்தனை பூச்சிகளும்.
அதைத் தூக்கியதும்தான்
ரேடியேட்டரின் முகத்தையே பார்த்தேன்.
பாவம், இத்தனை காலம்
இன்னொருவன் விட்ட மூச்சை
இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

டாஷ்போர்டுக்குள் இருப்பதைத் தொடவில்லை.
டாஷ்போர்டைப் பிரித்தவர்கள்
எல்லாத் திருகையும் திரும்பப் போட்டதாக
நான் கேள்விப்பட்டதில்லை.
பொத்தானையும் விட்டுவைத்தேன்.
எடுத்தால் ஓட்டை தெரியும்.

குளியலறைத் தராசில்
கம்ப்ரெசரை அணைத்துக்கொண்டு ஏறினேன்.
பிறகு கண்டென்சர், குழாய்கள், தாங்கிகள்,
ஒவ்வொன்றாய்.
என்னைக் கழித்தால் ஐம்பத்தெட்டு பவுண்ட்.
என்னை எவ்வளவு கழித்தேன் என்பதை
ஃபௌஸ்டீனோ கேட்டார்; சொல்லவில்லை.

ஞாயிறு சாயங்காலம் நூற்றுநான்கு டிகிரி.
"ஏறுங்கள்" என்றேன்.
லெமன் மலைச் சாலையில்
இரண்டு ஜன்னலும் இறங்கி இருந்தன.
முதல் ஐந்து மைல் அடுப்பங்கரை.
சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள
அவர் எதுவும் பேசவில்லை,
பேசாததை எனக்குக் கேட்கும்படி செய்தார்.
கார் மட்டும்
பையை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்த பையன்போல
வளைவுக்கு வளைவு துள்ளியது.

சாகுவாரோக்கள் நின்றுவிட்டன.
ஓக் மரங்கள்.
ஒரு பாறைத் திருப்பம் கழிந்து
பைன் வாசனையோடு
யாரோ கதவைத் திறந்து வைத்ததுபோல் ஒரு காற்று.
ஃபௌஸ்டீனோவின் கை, பழக்கத்தில்,
பொத்தானை அழுத்தியது.
பச்சை விளக்கு எரிந்தது.
"அருமையாக வேலை செய்கிறதே!" என்றார்.
மேலே உணவகத்தில் ஆப்பிள் பை சாப்பிட்டோம்.
அவருக்குக் குளிர் எடுத்து
என் பட்டறைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

இறங்கும்போது இருட்டு.
ஏழாவது மைல் கல்லில் சூடு
வாசலில் காத்திருந்த கடன்காரன்போல் உள்ளே ஏறியது.
அவர் பொத்தானை அணைத்தார்.
மறுபடி போட்டார்.
வீடு வரும்வரை
அணைத்து, போட்டு, அணைத்து.