ஓரம்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு இடையே
எட்டடிக் கடை. பழைய காசு வாங்குவேன், விற்பேன்.
வாரத்துக்கு நாற்பது பேராவது வருவார்கள்,
கைபேசியில் எவனோ பேசியதை நம்பி
கைக்குட்டையில் முடிந்த லட்ச ரூபாயோடு.

தண்டவாளத்தில் வைத்தது, ஆசிடில் ஊறியது,
வாஷருக்காக ஓட்டை போட்டது.
ஒரு பையன் இரண்டு காசை வைஸில் இறுக்கி
எழுத்தெல்லாம் கண்ணாடி பார்ப்பதுபோல் திருப்பிக்கொண்டு வந்தான்.
மறுபக்கம் சிங்கங்களின் மூக்கு சப்பையாகியிருந்தது.

அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது:
அச்சு விரிசல் விட்டிருந்தால் காசில் கோடு மேடாக எழும்.
கத்தி கீறியிருந்தால் பள்ளம்,
இருபுறமும் உலோகம் வரப்புக் கட்டி நிற்கும்.
கண் வேண்டாம், நகம் போதும்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் பாவாயி வந்தார்.
அயோத்தியாபட்டணம் பஸ் டிக்கெட்டுக்குள் சுருட்டிய
பழைய கெட்டி ஐந்து ரூபாய்.
"இது பொறக்கையிலயே இப்படிங்களா, அப்பறம் ஆனதுங்களா?"

விலை கேட்காமல் இதைக் கேட்ட முதல் ஆள்.

லென்ஸை வைத்தேன். ஓரம் தடித்துச் சுருண்டிருந்தது.
சுற்றெழுத்துகளின் கால்களை விளிம்பு விழுங்கியிருந்தது.
குறுக்களவு இருபத்து மூன்று மில்லி இருக்க வேண்டியது
இருபத்தொன்றரை.
தராசில் மட்டும் அதே ஒன்பது கிராம்,
ஒரு குன்றிமணி குறையவில்லை.
உலோகம் எங்கும் போய்விடவில்லை.
அடி தாங்காமல் உள்ளே ஒதுங்கியிருக்கிறது.

"நாணயச்சாலைக் குறை இல்லம்மா. எதுக்குள்ளயோ கெடந்து உருண்டிருக்கு."
"கெழங்கு கழுவற டிரம்முங்க. சேகோ மில்லு.
எத்தன நாளு உருண்டா இப்படி ஆகும்?"

சுத்தியல் ஒரே போடாகப் போட்டால் ஒரு பக்கம் தட்டையாகும்.
இது சுற்றிலும் சீராக, ஆயிரமாயிரம் சின்ன அடி.
"மாசக்கணக்கு" என்றேன்.

அப்போதுதான் உட்கார்ந்தார்.
"உள்ள கடகடன்னு சத்தம் கேக்குதுன்னு
ஆடியிலேர்ந்தே சொன்னாருங்க எங்க ஊட்டுக்காரரு.
மிசின நிறுத்தல. ஓடயிலயே கைய உட்டு எடுக்கச் சொன்னாங்க.
இப்ப, அன்னிக்குக் காலையில அவரு சட்டப்பையிலேர்ந்துதான்
காசு உழுந்துச்சுங்கறாங்க."

எத்தனை விரல் என்று நான் கேட்கவில்லை.
தன் வலக்கையில் மூன்றை மடக்கிக் காட்டினார்.

"எழுதித் தருவீங்களா?"

நான் பத்தாவது தேறாதவன்.
என் பில்லுக்கு எந்த ஆபீசில் மரியாதை?
அதோடு அந்த மில் முதலாளி எனக்கு வாடிக்கை.
போன தையில் விக்டோரியா வெள்ளி எட்டு எடுத்தார்,
பேரம் பேசாமல்.
இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

பக்கத்துப் பட்டறையில் யாரோ கண்ணி பற்றவைக்கிற ஊதுகுழல்
நின்று, மறுபடி சீறியது.
பாவாயி என் முகத்தைப் பார்க்கவில்லை.
பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினேன்:
ஐந்து ரூபாய், ஒன்று. எடை, அளவு.
நாணயச்சாலைப் பிழை அல்ல, பின்னால் ஏற்பட்ட சேதம்.
இங்கே நிறுத்தியிருக்கலாம். உண்மைதான், பொய்யில்லை,
யாருக்கும் உதவாத உண்மை.
பேனா ஒழுகியது. துடைத்துவிட்டு இன்னொரு வரி.
தேதி, கையெழுத்து, கடை முத்திரை.

சீட்டை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார்.
காசை மற்ற சில்லறையோடு போடாமல்
அதே பஸ் டிக்கெட்டில் சுருட்டினார்.
"எவ்வளவுங்க?"
"காசுக்கு வெல இல்லம்மா."
"சீட்டுக்குங்க."
பத்து ரூபாய் வைத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்தவர் கொண்டுவந்தது தண்டவாளத்தில் நசுக்கியது.
அவர் திருப்தியாகட்டும் என்று
விலையில்லை என்று எழுத அடுத்த தாளைக் கிழித்தேன்.
வெறும் தாள். ஆனால் விரல் பட்டதும் தெரிந்தது,
நான் எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்று.
மையில்லாத பள்ளத்தில் கடைசி வரி:
ஒரே நாளில் ஆனதல்ல.