தார்ப்பீப்பாய்

கன்னச் சிவப்பை
வண்ணத்துப்பூச்சி என்று எழுதினார் டாக்டர்.
பறக்காத சாதி.
பதினொரு வருசமாக மூக்கின் இரு கரையிலும்
செட்டையை விரித்தபடி கிடக்கிறது.

வெயில் கூடாது, சனம் கூடாது,
காய்ச்சல்காரர் பக்கம் போகவே கூடாது,
கையைக் கழுவு, கழுவு.
நான் சொன்னபோது
"கலியாணவீட்டுக்கு வராததுக்கு ஒரு சாட்டு" என்ற சனம்
இப்போது வாசலில் வாளியும் சவர்க்காரமும் வைத்திருக்கிறது.
என் வாழ்க்கைக்குள் ஊரே குடிவந்த மாதிரி
முதல் மாதம்.
கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது,
ஏன் பொய் சொல்வான்.

மறுகாதான் குளிசைக்குத் தட்டுப்பாடு.
யாரோ எங்கேயோ டிவியில் சொன்னாராம்
கொரோனாவுக்கு அதுதான் மருந்தென்று.
என் முழங்கால் மடங்குவதும்
சிறுநீரில் நுரை அடங்குவதும்
அந்த வெள்ளைக் குளிசையால் என்று
அவருக்கு யார் போய்ச் சொல்வது?
மட்டக்களப்பு டவுனில் ஏழு ஃபார்மசி ஏறினேன்.
ஏழிலும் ஒரே கையசைப்பு.

ஒன்றை இரண்டாக உடைத்தேன்.
பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.
விடிய எழும்பினால் விரல்கள்
நண்டுக்கால் போல் மடங்கிக் கிடந்தன.
தலையிழுத்துவிட என்னால் ஏலாமல்
மகள் தானே இரட்டைப்பின்னல் பழகினாள்,
ஒன்று மேலே, ஒன்று கீழே.

காத்தான்குடியை மூடிவைத்திருந்த நாட்கள்.
ஆரையம்பதி எல்லையில் கயிறு,
கயிற்றுக்கு நடுவே ஒரு தார்ப்பீப்பாய்,
பக்கத்தில் கதிரை போட்டு ஒரு பொலிஸ்காரர்.
அந்தப் பக்கம் ஃபார்மசி முசம்மில் நானா.
போனில் சொல்லியிருந்தார்:
"என்ட உம்மாட மூட்டு வருத்தத்துக்கு
எடுத்து வெச்ச குளிசை தங்கச்சி.
பாதி உங்களுக்கு."
பையைப் பீப்பாய்மேல் வைத்துவிட்டு
ஆறடி பின்னால் போய் நின்றார்.
நான் ஆறடி முன்னால் போனேன்.
பொலிஸ்காரர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்த இடத்திலிருந்து கடல் தெரியாது.

இப்போது ஊசி.
முதலில் அறுபதுக்கு மேலாம். சரி.
எனக்கு நாற்பத்திரண்டு.
என் சிறுநீரகத்துக்கு எத்தனை வயதென்று
படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.
"வருத்தக்காரருக்கு வேற பட்டியல் வரும்" என்கிறா ஜி.எஸ்.
"ஸ்பெஷலிஸ்ட்டின் கடிதம் வேணும்" என்கிறார்கள் கிளினிக்கில்.
ஸ்பெஷலிஸ்ட் கொழும்பில், தனிமைப்படுத்தலில்.
எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடக் குளிசை,
அதைத் தட்டியெழுப்ப ஊசி.
ஒரே உடம்புக்குள் இரண்டையும் வைத்து
எப்படித்தான் வழக்குத் தீர்ப்பேனோ.

பக்கத்து வளவு சாமித்தம்பி அண்ணனுக்கு அறுபத்துமூன்று.
"போட்டா ரெண்டு வருசத்தில ஆள் சரியாம்,
நான் போகமாட்டன்."
வேலிக்கு இங்கால நின்று ஏசினேன்.
நான் அப்படி ஏசுவேன் என்று
எனக்கே தெரியாது.
"நீங்க இருமினா
வேலிக்கு இங்கால நான்தான் அண்ணன்."

மூன்றாம் நாள் பின்னேரம் வந்து நின்றார்.
ஒரு கையில் அட்டை.
மற்றக் கையால் சேட்டின் கையைத் தோள்வரை உயர்த்தினார்.
பஞ்சும் இல்லை, காயமும் இல்லை,
வெயில் குடித்த கறுத்தத் தோல்.
எந்த இடம் என்று கேட்டேன்.
"இதுக்குள்ளதான் எங்கயோ."

நெடுநேரம் பார்த்தேன்.
அவர் கையை இறக்கவில்லை.

முசம்மில் நானாவின் கடைசிப் பையில்
பத்தொன்பது குளிசை இருக்கிறது.
உடைத்தால் முப்பத்தெட்டு.