கியூர்பீப்பில் மழை பூஜ்யம்

திரையில் பூஜ்யம் என்கிறது.
ஜன்னலுக்கு வெளியே
பஸ் நிலையத்துப் படிக்கட்டில்
ஒற்றைச் செருப்பு நீந்திப் போகிறது.

மழைக்காலம், மழை வரப்போகிற காலம் என்று
இரண்டே பருவம் உள்ள ஊர் இது.
பூஜ்யம் எப்படி வந்தது?

மேட்டுநிலத்து ஏழு நிலையங்களின் சராசரி
ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்.
யாருக்கும் பயம் தராத எண்.
பள்ளிக்கூடங்கள் நாளை திறந்திருக்கும்.

தேடினேன்.
மூன்று மானிகள் மதியம் இரண்டு மணிக்கே
வாயடைத்துப் போயிருந்தன.
அவற்றுக்காகப் பேசிக்கொண்டிருந்தது
ரெகி வீராப்பென்.

குற்றம் சொல்லவில்லை.
'மானி' என்ற கிளாஸை அவர் எழுதிய வருஷம்
இருந்தவை மேற்குக் கரைக் கருவிகள் மட்டும்.
வீடும் ஆல்பியனில்.
அங்கே வானத்தைப் பார்த்துச் சொன்னாலும் பூஜ்யம்,
பார்க்காமல் சொன்னாலும் பூஜ்யம்.
மழை என்ற கட்டத்தில் யாரும் எதுவும் இடாவிட்டால்
இது இருக்கட்டும் என்று
நல்ல மனதோடு ஒரு வட்டம் போட்டுவைத்தார்.

அதன் கீழ் 'மலைமானி'யைப் பெற்றவள் நான்.
உயரம் சேர்த்தேன், மூடுபனி சேர்த்தேன்.
மழைக்கட்டம் மேலிருந்து தானாக வந்தது,
உள்ளே வட்டத்தோடு.
தானம் வந்த மாடு.
பல்லைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அப்பனில் கை வைக்கவில்லை;
கரையோரம் இன்னும் அதை நம்பித்தான் இருக்கிறது.
பிள்ளையின் புரோட்டோடைப்பில் ஒரே வரி:
மழை, என்.ஏ.

ஏற்கவில்லை.
வெறும் என்.ஏ. எண் இனம் இல்லையாம்.
இல்லாமைக்கும் இனம் கேட்கிறது ஆர்.
வந்திருந்தால் எண்ணாக வந்திருக்கக்கூடிய இல்லாமை,
அதற்கென்று தனிச்சொல் ஒன்று வைத்திருக்கிறார்கள்,
இரண்டு அடிக்கோடுகளோடு.
அடித்தேன். போனால் போகிறது என்று ஏற்றது.

சராசரி இப்போது தானும் தெரியாது என்றது.
விடுபட்டதை விட்டுவிட்டு எண்ணு என்றேன்.
நூற்றிரண்டு.

போனில் மிஸ்யே லாபெல்.
"செல்வினா, வரைபடத்தில் மூன்று இடம் காலி.
ஐந்து நிமிஷம் முன்னால் எல்லாம் நிரம்பியிருந்ததே?"

"ஆமாம் மிஸ்யே.
தெரியாது என்று சொல்ல
இப்போதுதான் அதற்கு வழி கிடைத்திருக்கிறது."

அவர் பேசவில்லை.
அந்த மௌனத்தில்
நானாக எந்த மதிப்பையும் இடவில்லை.
அவர் பக்கத்துத் தகரத்திலும் மழை கேட்டது.

"சராசரி எவ்வளவு என்றாய்?" என்றார் பிறகு,
"திரும்பச் சொல்.
பள்ளிக்கூடங்களுக்கு போன் போட வேண்டும்."