மான் நிற்கும் இடம்

புதன்கிழமை பின்னேரம் நாலு மணி.
அவனுக்கு அப்போது காலை ஏழரை.
வால்பரைசோவில் இருந்து இக்னாசியோ
பாண் மென்றுகொண்டே உள்ளே வருவான்.
அந்த மொறுமொறுப்பு
என் ஹெட்போனுக்குள் விழும்.

மூன்று பேர், ஒரு குழு.
யாருக்கும் சொந்தமில்லாத ஊரொன்றைத்
திரைக்குள் சேர்ந்து கட்ட வேண்டும்.
பேச்சு,
மூவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்.

அவன் படிகளாய் அடுக்கினான்,
மலையே இல்லாத இடத்திலும் படிகள்.
செனுலி மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டினாள்.
நான் ஒரு கோயில் வைத்தேன்.
வாசலில் வந்து நின்றால்
எங்கள் பொம்மைகளுக்குச் சப்பாத்துக் கழற்ற வராது,
காலோடு ஒட்டிப் பிறந்தவை.
கேளாமலே செனுலி
வெளியே மூன்று சோடிச் செருப்புச் செய்து வைத்தாள்,
ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே
'இலங்கை' என்று மட்டும்.
கண்டியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பஸ் நிலையம்.
மேடையில் ஒரு புள்ளிமான்.
அடுத்த கிழமை மான் இல்லை.
திரும்ப வைத்தேன்.
திரும்பவும் இல்லை.
"காட்டு மிருகம் வழிதவறி வந்திருந்தது,
பிழையை அழித்துவிட்டேன்"
என்றான் இக்னாசியோ
உதவி செய்தவனின் குரலில்.

எப்படிச் சொல்ல?
இங்கே மான் வழிதவறுவதில்லை,
கோட்டைப் பக்கமிருந்து வரும்,
வீதி கடக்கும், ஓட்டோ பொறுத்து நிற்கும்,
வாழைப்பழத்தோல், லொத்தர் துண்டு,
யாரோ விட்ட பேப்பர்
எல்லாம் தின்னும் என்று.
என் ஆங்கிலம் வீதி கடக்கும் முன்னே
செனுலி ஒரு படம் அனுப்பினாள்.
அதே பஸ் நிலையம். அதே மான்.
பின்னால் நான் தினமும் ஏறும்
நிலாவெளி பஸ்.

அப்போதுதான் கணக்குப் பார்த்தேன்.
எங்களுக்குக் கரண்ட் போன நாளெல்லாம்
அவளும் காணாமல் போயிருக்கிறாள்.
எங்கள் மைதானத்து மதிலுக்கு அந்தப்பக்கம்
அவளுடைய பள்ளிக்கூடம்.
பத்து வருஷமாய் அங்கிருந்து பந்து வரும்,
எறிந்து கொடுப்போம்,
எறிந்தது யார் என்று
எட்டிப் பார்த்ததில்லை.

இக்னாசியோ நெடுநேரம் பேசவில்லை.
பிறகு மானுக்குப் பக்கத்தில்
கிழட்டு நாயொன்றைப் படுக்க வைத்தான்.
"எங்கள் தெருவில் இது.
யாருடையதும் இல்லை,
எல்லோரும் சோறு போடுவோம்."

வியாழக்கிழமை பஸ் நிலையத்தில்
செனுலியைப் பார்த்தேன்.
திரைக்குள் என்னைவிட உயரம்,
இங்கே என் தோளளவு.
இருவருக்கும் பேச்சு வரவில்லை.
ஆங்கிலம்கூட வரவில்லை.
மழை தூறியது. குடை ஒன்றுதான்,
அதுவும் கம்பி முறிந்தது.

மான் வந்து
அவள் கையிலிருந்த பயிற்சித்தாளின்
மூலையைக் கடித்தது.
இழுத்துப் பார்த்தாள். விடவில்லை.
என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"டிலீட்?"