ஈதர் கொதிக்கும் ஊர்

முப்பத்தைந்து டிகிரியில் ஈதர் கொதிக்குமாம்.
மே மாதக் காட்பாடியில்
அதற்கு அடுப்பு எதற்கு?
மூடியைத் திறந்தால் போதும், போய்விடும்,
ரிஸ்வானாவின் பொறுமை போல.

இரண்டு வருஷத்தில் நாங்கள் செய்த
முப்பத்தொரு மூலக்கூறுகளில்
ஒன்றுகூட எலியைத் தாண்டவில்லை.
இருபத்தாறாவது, வெள்ளைப் பொடி,
பதினொரு சதவீதம்தான் தேறியது,
அதற்கு மட்டும் ரகசியமாகப் பெயர் வைத்திருந்தோம்.
சொல்ல மாட்டேன்.

வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்
பென்சீன் வளையத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
"நைட் ஷிப்ட் பரவாயில்லையா?"
மேல்விஷாரத்திலிருந்து அவள் ஹைதராபாத் போனாள்,
மாத்திரையில் மாசு அளக்க.
நான் இங்கேயே காப்புரிமைப் பத்திரம் படிக்கிறேன்:
ஒருவன் கண்டதை
இன்னொருவன் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

நேற்று ஆஸ்பத்திரித் தெருவில்
ஒரு வங்காளத்து அம்மா
சீட்டையும் மாத்திரை அட்டையையும் நீட்டி
காலையா ராத்திரியா என்று
சைகையில் கேட்டாள்.
அட்டையைத் திருப்பினேன்.
ரிஸ்வானாவின் கம்பெனி.
தொகுதி எண், தேதி, விலை.
சரிபார்த்தவர் பெயருக்கு
இடமே விடவில்லை.

ராத்திரி என்று
கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன்.
அந்த நேரம் அவள்
விழித்திருப்பாள்.